எனினும் வருவதற்குள்

2023 டிசம்பர் 20, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. ஒன்பது டிகிரி என்று கைப்பேசி சொன்னது; எனக்கு ஆறு போலத்தான் இருந்தது. மூடுபனியில் சூரியனைக் கண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. தில்லி துவாரகாவில் எங்கள் செக்டரின் சமுதாயக் கூடத்தில், மப்ளரைக்கூட அவிழ்க்காமல் எழுந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கத்திடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினேன்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய விஷயம் சின்னது. எங்கள் குடியிருப்பின் வாசலுக்கு முன்னால் ஆறு வழிச் சாலை ஓடுகிறது. அதன் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி உண்டு. தில்லியில் அதற்குக் 'கட்' என்று பெயர். வண்டிகள் திரும்பவும், ஆட்கள் கடக்கவும், பசுக்கள் படுக்கவும் அந்தக் கட் போதும். அதைத் தாண்டினால் எதிர்க் குடியிருப்பின் வாசல். அங்கே தரைத்தளத்தில் என் மனைவியின் அக்கா தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கனடாவில். இரண்டு வருடம் முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பில் கம்பி வைத்த பிறகு, அவர் தன் குடியிருப்பின் வாசலைத் தாண்டியதில்லை.

இருபத்திரண்டு வருடம் முன்பு நாங்கள் வீடு வாங்கியபோது, அவர் பக்கமே வாங்கியிருக்கலாம். இந்தப் பக்கம் சதுர அடிக்கு எழுபது ரூபாய் குறைவு; ஆயிரத்து நானூறு சதுர அடிக்குத் தொண்ணூற்றெட்டாயிரம் மிச்சம். நான் இந்தப் பக்கம் வாங்கினேன். சாலையின் அகலத்தை அப்போது யார் கணக்கில் எடுத்தார்கள்?

தினமும் நாலு மணிக்கு என் மனைவி ஒரு தூக்குவாளியில் குழம்போ ரசமோ எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எங்கள் வாசலிலிருந்து அக்காவின் வாசல்வரை அவளுக்கு நூற்று நாலு காலடி. ஒருநாள் பின்னாலேயே போய் எண்ணினேன். "என்ன, போலீஸ்காரன் மாதிரி பின்னால வாரிய?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அக்காவும் தங்கையும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருநெல்வேலித் தமிழில் எல்லோரையும் திட்டுவார்கள், என்னையும் சேர்த்து. ஆறு மணிக்கு அக்காவுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு இவள் திரும்புவாள். இவள் போகாத நாளில் அக்கா ராத்திரிக்குப் பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். கேட்டால் பசியில்லை என்பார்.

நவம்பர் மாதம் ஒருநாள் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. அறிவிப்புகளை நான் ஒன்று விடாமல் படிப்பேன், டெண்டர்களையும் படிப்பேன். எங்கள் சாலை சிக்னல் இல்லாத சாலையாகப் போகிறது. கட் எல்லாம் அடைக்கப்படும். வண்டிகள் தொள்ளாயிரம் மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். நடப்பவர்களுக்கு முன்னூறு மீட்டர் தள்ளி ஒரு நடைமேம்பாலம். அதற்கு லிப்ட் இரண்டாம் கட்டத்தில். ஆட்சேபம், ஆலோசனை உள்ளவர்கள் பொது விசாரணைக்கு வந்து வாய்மொழியாகச் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

என் மனைவிக்கு வயது எழுபது. இரண்டு முட்டியும் போய், இடது முட்டியை மாற்றியாகிவிட்டது. மாடிப்படி என்றால் அவளுக்கு வேறு ஏதோ நாட்டுப் பெயர் மாதிரி.

"படி ஏற முடியாதுன்னு நீங்க போய்ச் சொல்லிருங்க. உங்களுக்குத்தான் கவருமெண்டு பாஷை தெரியுமே," என்றாள்.

அது உண்மை. முப்பத்தாறு வருடம் ஒரு மத்திய அமைச்சகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். அந்தக் குறிப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு. எந்த யோசனையையும் எடுத்தவுடன் எதிர்க்கக் கூடாது. முதல் பத்தியில் அதன் நோக்கத்தைப் பாராட்ட வேண்டும். இரண்டாவது பத்தியில், கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாவது பத்தி 'எனினும்' என்று ஆரம்பிக்கும். விஷயம் அங்கேதான் இருக்கும். படிக்கிற மேலதிகாரிக்கும் இது தெரியும். எங்கள் இணைச் செயலாளர் ஒருவர் கோப்பைத் திறந்ததும் விரலை ஓட்டி அந்த ஒரு சொல்லைத்தான் தேடுவார். அதற்கு மேலே இருப்பதைப் படிக்கவே மாட்டார். மேலே இருப்பது கும்பிடு. அவ்வளவுதான்.

அப்படியே ஹிந்தியில் தயார் செய்தேன். வீட்டில் நாலு தடவை கடிகாரத்தை வைத்துப் பேசிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எப்ப வேண்டாம்னு சொல்லுவிய?"

"வரும், வரும். கேளு."

"மொதல்லயே சொல்லிப்புட வேண்டியதுதான? அவன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாம்னா?"

"அப்படிச் சொன்னா மரியாதையா இருக்காது. படிக்காதவன் பேசற மாதிரி இருக்கும்."

அவள் கீரைத்தண்டை ஒடித்தாள்.

விசாரணை நாளன்று இருவரும் போனோம். அவள் வரவேண்டிய தேவை இல்லை; எப்படிப் பேசுகிறேன் என்று பார்க்க வந்தாள். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். எனக்குப் பதினொன்று. பேசப்போவது நான் என்பதால் அவளுக்கு வாங்கவில்லை. மேடையில் ஒரு பெண் பொறியாளர், ஐம்பது வயது இருக்கும், நல்ல சால்வை, நல்ல முகம். பக்கத்தில் ஒரு குமாஸ்தா. அவர் முன்னால் இரண்டு கட்டம் போட்ட தாள்: ஆதரவு, ஆட்சேபம். தாளுக்குப் பக்கத்தில் மேசை மணி.

கெட்ட நேரம், அந்தக் கூடத்தில் அன்று மதியம் ஒரு கல்யாண விருந்து. பத்தாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே டென்ட்காரர்கள் சிவப்பு நாற்காலிகளை உள்ளே இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஜல்தி, ஜல்தி" என்று ஒரு குரல். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அறிவித்தார். அடுத்தது பதினொன்று.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது பத்திக்குத் தாவ வேண்டும். என்னால் முடியவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம் வாயைத் திறந்தால் முதல் பத்தியைத்தான் கொண்டுவந்தது. நெரிசலைக் குறைக்க எடுக்கப்படும் இந்த முயற்சி மிகவும் வரவேற்கத்தக்கது என்றேன். கூடத்தில் கொஞ்சம் அமைதி வந்தது. தலைநகரத்தின் வளர்ச்சிக்கு இது அவசியம் என்றேன். பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரை யாரும் பாராட்டவில்லை போலிருக்கிறது. கொள்கையளவில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று சொல்லி மூச்சு வாங்கினேன். மணி அடித்தது.

"தன்யவாத், அங்கிள்ஜி. பஹுத் அச்சா போலே," என்று என் பேச்சைப் பாராட்டினார் பொறியாளர். குமாஸ்தா தாளில் ஒரு கோடு போட்டார்.

"லேகின்..." என்றேன். எனினும் என்பதற்கு ஹிந்தி அதுதான்.

"நம்பர் பாரா!"

பன்னிரண்டு எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காருங்கள் என்று பின்னாலிருந்து யாரோ கோட்டை இழுத்தார்கள்.

அப்போது என் மனைவி எழுந்தாள். தில்லிக்கு வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகியும் அவளுடைய ஹிந்தி காய்கறி வண்டிக்கும் வேலைக்காரிக்கும் போதுமானதுதான். ஆனால் குரல் பெரியது.

"ரோட் பந்த் மத் கரோ! மேரா அக்கா உதர் ஹை!"

சாலையை மூடாதே, என் அக்கா அந்தப் பக்கம் இருக்கிறாள். ஹிந்தியில் எட்டு வார்த்தை. பன்னிரண்டாம் எண்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். ஹிந்திக்காரர்கள் காதில் அக்கா என்பது 'ஆகா' என்று விழுந்தது. ஆகா என்றால் அவர்களுக்கு எஜமான். பின்வரிசையில் ஒருவன், "மாதாஜியோட எஜமான் அந்தப் பக்கமா? அப்போ இந்த அங்கிள்ஜி யாரு?" என்று கேட்க, டென்ட்காரர்கள்கூடச் சிரித்தார்கள். பொறியாளரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாதாஜி, உங்கள் டோக்கன்?" என்று கேட்டார். டோக்கன் இல்லை. குமாஸ்தா கோடு போடவில்லை.

வீடு திரும்புகிற வழியில் கட்டைக் கடக்கும்போது அவள் கேட்டாள்: "நீங்க அவங்க கட்சின்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அன்று நாலு மணிக்கு நானும் கூடப் போனேன். விஷயம் எனக்கு முன்னால் போனில் போய்ச் சேர்ந்திருந்தது. அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"வாங்க மாப்ளே. எங்க ரெண்டு பேரையும் பிரிக்கதுக்கா இம்புட்டு ஹிந்தி படிச்சிய?"

"இல்ல மதினி, நேரத்தக் குறைச்சுட்டாங்க..."

"நேரம் கெடக்கு. ஏட்டி, இவர் ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான. காப்பி நல்லாருக்கு, வீடு காத்தோட்டமா இருக்குன்னு அர மணி நேரம். நம்ம அப்பா, இவர் வேண்டாம்னுதான் சொல்லப் போறாருன்னு, வெத்தலத் தட்டத் தூக்கி உள்ள வச்சுட்டாங்க!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொண்ணு பார்த்த அன்று எனினும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் பதிவுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரியில் விசாரணையின் முடிவைக் கூடத்தின் சுவரில் ஒட்டினார்கள். பேசியவர்கள் இருபத்துமூன்று. ஆட்சேபம் பதினைந்து, ஆதரவு எட்டு. ஆதரவில் ஐந்தாவது பெயர் என்னுடையது. கீழே, கருத்துகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, பணி ஏப்ரலில் தொடங்கும் என்று இருந்தது. 'கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன' என்கிற தொடரை நானே எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க முயன்று, முடியாமல் விட்டேன். நான் எண்ண முடியாமல் விட்டது அநேகமாக அது ஒன்றுதான்.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் அடையாளம் கண்டுகொண்டு தேநீர் வரவழைத்தார். நான் ஆட்சேபக்காரன், கணக்கில் தவறு என்றேன்.

"கவலைப்படாதீர்கள் அங்கிள்ஜி. உங்களை மாற்றினால் பதினாறு, ஏழு என்று ஆகும். முடிவு மாறாது."

"ஏற்கெனவே பதினைந்து பேர் வேண்டாம் என்கிறார்களே. பிறகு ஏன் அடைக்கிறீர்கள்?"

"இது தேர்தல் இல்லையே. இது சுன்வாயி. மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விதி. கேட்டோம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. ஹிந்தியில் சுன்வாயி என்றால் கேட்பது; அது காதின் வேலை. தமிழில் அம்மா பிள்ளையிடம் 'சொன்னா கேளு' என்றால், காதைக் கொடு என்று அர்த்தமில்லை. சொன்னபடி செய் என்று அர்த்தம். அந்தக் கூடத்துக்கு நான் தமிழ்க் காதோடு போயிருக்கிறேன்.

அவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. "உங்கள் கட் வழியாக வண்டிகள் திரும்புவதால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதில் படுத்திருப்பவர் கூட்டத்துக்கு வந்து டோக்கன் வாங்க முடியுமா? அவருக்காக யார் பேசுவது? நான்தான் பேச வேண்டியிருக்கிறது," என்றார். ஆம்புலன்ஸில் போகிறவரும் ஒரு குடிமகன்தான். மதினியும் ஒரு குடிமகள்தான். இரண்டு பேருக்கும் டோக்கன் கிடையாது. டோக்கன் வாங்கிய நான் மணி அடிக்கும்வரை கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் என் கோடு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உங்களுக்கு ஒன்றுதானே?" என்று கேட்டேன்.

"ஒன்றுதான்."

"எனக்கு ஒன்றில்லை."

அவர், முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி கொடுத்தால் திருத்தலாம் என்றார். கொடுத்தேன். நாலு தடவை நடந்து, மார்ச் கடைசியில் பதினாறு, ஏழு என்று திருத்திய தாளைச் சுவரில் ஒட்டவைத்தேன். அதைப் படித்த ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். என்றாலும் அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி கட் அடைபட்டது. இடுப்பளவு சிமெண்ட், அதன்மேல் இரும்புக் கம்பி. நாலாம் நாளே யாரோ இரண்டு கம்பிகளை வளைத்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்டில் ஏறி, தலையைக் குனிந்து அந்தப் பக்கம் குதித்தார்கள். அவர்கள் யாரும் விசாரணைக்கு வரவில்லை; புதன்கிழமை பதினொரு மணிக்கு வேறு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். துறை மறுபடி கம்பியை நிமிர்த்தியது, மறுபடி யாரோ வளைத்தார்கள். ஒரு வகையில் அதுவும் கருத்துக் கேட்பு மாதிரிதான் நடந்தது. ஆனால் என் மனைவியின் முட்டி அந்த வழியில் ஏறாது.

ஈ-ரிக்‌ஷா வைத்துக்கொண்டோம். போய்வர எண்பது ரூபாய், தொள்ளாயிரம் மீட்டர் போய்த் திரும்பி, மறுபடி தொள்ளாயிரம் மீட்டர். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சில நாள் ஒரு வண்டியும் வராது. அந்தக் கோடையில் தேர்தல் வேறு வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் என் மனைவி கட்டைப் பற்றி மட்டும் கேட்டாள். "ஹோ ஜாயேகா, மாதாஜி", எல்லாம் ஆகிவிடும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று ஓட்டுப் போட்டோம். வாக்களிக்கும் வயது வந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் நான் விட்டதில்லை. நாட்டை யார் ஆளுவது என்பதில் எனக்குப் பங்கு உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாசலுக்கு முன்னால் உள்ள கம்பிக்கு மட்டும் அந்த இயந்திரத்தில் பொத்தான் இல்லை.

ஜூலையில் ஒருநாள் நாலு மணிக்குப் பேய் மழை. யூ-டர்ன் பக்கம் முட்டியளவு தண்ணீர். ரிக்‌ஷாக்காரர் போனை எடுக்கவில்லை. அதற்கு முந்திய இரண்டு நாளும் இவள் போகவில்லை. மழை விட்டதும் தூக்குவாளியோடு வாசலில் போய் நின்றாள். நானும் குடையோடு நின்றேன். எதிரே பார்த்தால் மதினி. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, காவலாளியைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்து நின்றார். மூன்று வழிச் சாலை, கம்பி, இன்னொரு மூன்று வழிச் சாலை.

"ஏட்டீ! வராத! நான் ரொட்டி தின்னுக்கிடுதேன்!" என்று கத்தினார்.

"உள்ள போக்கா! ஈரமா கெடக்கு! வழுக்கிரும்!"

"என்னது?"

"உள்ள போன்னுதேன்!"

நடுவில் ஒரு பஸ் போனது. கேட்கவில்லை போலும். தங்கை வரச் சொல்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, நடைபாதையிலிருந்து ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்தார். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. என் மனைவி தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா!" என்று அலறினாள். அந்தக் குடியிருப்பின் காவலாளி ஓடிவந்து மதினியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சாம்பார் என் செருப்பில் சூடாக ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் இவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அழவில்லை. "இனி நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம். நாம அந்தப் பக்கம் போயிருவோம்," என்றாள். வரவேற்கத்தக்கது என்றோ எனினும் என்றோ நான் சொல்லவில்லை. சரி என்றேன்.

"இங்க ரெண்டு ரூம் சும்மாதான கெடக்கு மாப்ளே," என்று மதினி போனில் சொன்னார். அவர் வீட்டிலேயே குடியிருக்க எனக்கு மனம் வரவில்லை. அதே குடியிருப்பில், மதினி வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். எங்கள் சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, ஒரு விமான நிலைய ஊழியருக்கு வாடகைக்கு விட்டோம். ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, சாமான் ஏற்றிய லாரி எங்கள் வாசலிலிருந்து இடப்பக்கம் கிளம்பித் தொள்ளாயிரம் மீட்டர் போய்த் திரும்பி வந்தது. கூலியாட்களில் ஒருவன் எதிர் வாசலைக் காட்டி, "இதோ இங்கேயா போகிறீர்கள், பாபுஜி?" என்று இரண்டு தடவை கேட்டான், நான் ஏதோ தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான்.

இப்போது நாலு மணிக்குத் தூக்குவாளி வெளியே போவதில்லை. மதினியே தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ராத்திரி தோசை தின்றுவிட்டுப் போகிறார். இரண்டு, சில நாள் மூன்று. சாலையில் ஆம்புலன்ஸ்கள் வேகமாகப் போவது எங்கள் படுக்கையறைவரை கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்காருகிறேன்.

இரண்டு தரகர்களுக்கும் கொடுத்தது, லாரி, வெள்ளை, ஏசி இரண்டைக் கழற்றி மாட்டியது, ஏப்ரலிலிருந்து கொடுத்த ஈ-ரிக்‌ஷா, உடைந்த பீரோக் கண்ணாடி, என்னை ஆட்சேபக்காரன் என்று எழுதவைத்த முத்திரைத்தாள், அதற்காகப் போய்வந்த ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டினேன். வீட்டு முன்பணம் திரும்பி வரும் என்பதால் சேர்க்கவில்லை; கொட்டிப்போன சாம்பாரையும் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் தொண்ணூற்றெட்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய். இந்தப் பக்கம் வாங்காமல் அன்று மிச்சம் பிடித்ததைவிட எண்ணூற்று எண்பது அதிகம்.